குமரி மண்ணுக்குள் குளிர்ச்சி இருக்கிறதா? தங்கும் விடுதிக்கு நிலவெப்பப் பம்பு வைப்பது பற்றி ஒரு விவாதம்

கொட்டாரத்தான் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். கொட்டாரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் இடையில் பதினெட்டு சென்ட் நிலத்தில் எங்கள் குடும்பத்துக்குப் பதினான்கு அறைகள் கொண்ட ஒரு தங்கும் விடுதி இருக்கிறது. சூரிய உதயம் பார்க்க வருகிறவர்கள் விடியற்காலை நாலரை மணிக்கே வெந்நீர் கேட்பார்கள்; வெயிலில் அலைந்து திரும்பியதும் ஏசியைப் போட்டுவிட்டுப் படுப்பார்கள். ஆகவே கீசருக்கும் ஏசிக்கும் கட்டும் மின்கட்டணம்தான் எங்கள் செலவுகளிலேயே பெரியது.

சென்ற மாதம் ஒரு நிறுவனத்தின் முகவர் வந்தார். தரையில் ஆழ்துளைகள் போட்டு, அவற்றில் பிளாஸ்டிக் குழாய்களை இறக்கித் தண்ணீரைச் சுற்றவிட்டால், மண்ணின் குளிர்ச்சியைக் கொண்டே எல்லா அறைகளையும் குளிர்விக்கலாம், மின்செலவில் பாதிக்கு மேல் மிஞ்சும் என்றார். அவர் தந்த தாளில் "மண் ஆண்டு முழுவதும் 15 டிகிரியிலேயே இருக்கும்" என்று அச்சிட்டிருந்தது. எங்கள் கிணற்றில் இறைத்துக் குளிக்கும் தண்ணீர் மார்கழியில்கூட அவ்வளவு குளிர்ந்து நான் அறிந்ததில்லை. அதனால்தான் முன்பணம் கொடுக்காமல் இங்கே கேட்கிறேன். நம் மாவட்டத்துக்கு இந்த முறை பொருந்துமா?

நாஞ்சில் பொறியாளர்

அண்ணாச்சி, உங்கள் கிணறு சொன்னதுதான் சரி. அந்தத் தாள் வேறு நாட்டுக்காக அச்சடித்தது. குளிர்சாதனத் துறையில் இருபது ஆண்டுகளாக வேலை பார்க்கிறவன் என்ற முறையில் என் கருத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் 'நிலவெப்பம்' என்ற சொல்லால் வரும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். லடாக்கின் பூகாவில் வெந்நீர் ஊற்றாகப் பொங்குவது பூமியின் ஆழத்திலிருந்து வரும் வெப்பம். நாம் பேசுவது மேலே உள்ள நூறு, நூற்றைம்பது மீட்டருக்குள் தங்கியிருக்கும் வெப்பம். அது பெரும்பாலும் சூரியன் கொடுத்தது. பகலில் தரை சுடுவதும் இரவில் ஆறுவதும் கால் மீட்டர் ஆழத்துக்குள்ளேயே பெருமளவு அடங்கிவிடுகின்றன. கோடை, குளிர்காலம் என்ற ஆண்டுச் சுழற்சி இன்னும் கீழே செல்லும். ஆனால் அதுவும் இரண்டு இரண்டரை மீட்டரில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி, பத்து மீட்டருக்குக் கீழே ஏறக்குறைய மறைந்துவிடும். அதற்குக் கீழே மண் காட்டும் வெப்பநிலை அந்த ஊர்க் காற்றின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். தெற்கு ஜெர்மனியில் அந்தச் சராசரி பத்து டிகிரிக்குச் சற்று முன்பின். நாகர்கோவிலில் இருபத்தேழரை டிகிரியை ஒட்டியது. ஆக, நம் மண்ணின் வெப்பநிலை 27 முதல் 29 டிகிரி வரை என்று எடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு ஆழம் துளைத்தாலும் அது குறையாது, மேலும் மேலும் ஆழம் போனால் மெல்லக் கூடவே செய்யும்.

நமக்குக் கோடைக்கும் மழைக்காலத்துக்கும் உள்ள வேறுபாடு சில டிகிரிதான் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மண்ணில் சேமித்து வைத்திருந்து வெயிலில் எடுத்துக்கொள்ள நம்மிடம் ஒரு குளிர்காலமே இல்லை.

குழித்துறை – மியூனிக்

நான் குழித்துறையில் பிறந்தவள். பதினோரு ஆண்டுகளாக மியூனிக்கில் வசிக்கிறேன். எங்கள் வீட்டில் இந்த ஏற்பாடு இருப்பதால் அனுபவத்தைச் சொல்கிறேன்.

இங்கே வெளியே பனி உறைந்திருக்கும்போதும் துளைக்குள்ளிருந்து வரும் நீர் பூஜ்யத்துக்கு மேலேயே இருக்கிறது. அந்தக் கொஞ்ச வெப்பத்தைப் பம்பு எடுத்துக் குவித்து, தரைக்கு அடியில் ஓடும் குழாய்களுக்கு 35 டிகிரி நீராகக் கொடுக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கிறது. கோடையில் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு, துளையிலிருந்து வரும் பத்துப் பன்னிரண்டு டிகிரி நீரைக் கொண்டே தரைக் குழாய்களில் ஓடும் நீரைக் குளிர்வித்தால் போதும், வீடு குளிர்ந்துவிடும். குளிர்காலத்தில் மண்ணிடம் வாங்கிய வெப்பத்தைக் கோடையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம் என்பதுதான் இதில் முக்கியமானது. அந்தக் கொடுக்கல் வாங்கல் இருப்பதால்தான் துளை ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது.

நிலத்தை வெப்ப ஊற்றாகக் கொள்ளலாம் என்பதற்கு ஹைன்ரிச் ஸோலி என்பவர் ஸ்விட்சர்லாந்தில் 1912-லேயே காப்புரிமை பெற்றிருக்கிறார். இது கண்கட்டு வேலை அன்று என்பதை உறுதியாகச் சொல்ல விரும்புகிறேன். பிறந்த இடத்தில் நன்றாகவே உழைக்கும் நல்ல தொழில்நுட்பம். ஆனால் துளையிடுவதற்கு இங்கே அனுமதி வாங்க வேண்டும், அதற்கும் காரணம் இருக்கிறது. 2007-இல் ஸ்டாஃபென் என்ற பழைய ஊரில் நகர்மன்றக் கட்டடத்தைச் சூடாக்குவதற்காகத் துளைத்தபோது, நிலத்தடி நீர் அன்ஹைட்ரைட் என்ற கனிமப் படுகைக்குள் புகுந்து அதை ஜிப்சமாக மாற்ற, அது ஊதிப் பெருத்து ஊரின் நடுப்பகுதியே மேலெழும்பியது. இருநூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் விழுந்தது.

கொட்டாரத்தான்

இருவருக்கும் மிக்க நன்றி. ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. மண் 28 டிகிரி என்றே வைத்துக்கொள்வோம். சித்திரையில் வெளியே 34 டிகிரி வெயில் அடிக்கும்போது, ஏசியின் வெளிப்புறப் பெட்டி அந்தச் சூட்டில் வெப்பத்தைத் தள்ளுவதைவிட, 28 டிகிரி மண்ணில் தள்ளுவது எளிதுதானே? ஆறு டிகிரி லாபம் லாபம்தானே?

நாஞ்சில் பொறியாளர்

நியாயமான கேள்வி, அண்ணாச்சி. லாபம்தான், எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அறைக்குள் இருக்கும் சுருளில் குளிர்வாயு 8 டிகிரியில் கொதிக்கிறது என்று கொள்ளுங்கள். வெளியே காற்றில் வெப்பத்தைத் தள்ளும்போது அதே வாயு ஏறக்குறைய 45 டிகிரியில் திரவமாகும். மண் குழாயின் நீரில் தள்ளினால் 38 டிகிரியில் ஆகும். ஒரு யூனிட் மின்சாரத்தால் அறையிலிருந்து எத்தனை யூனிட் வெப்பத்தை வெளியேற்றலாம் என்பதற்கு இயற்கை அனுமதிக்கும் மேல் எல்லை முதலாவதில் 7.6, இரண்டாவதில் 9.4. அதாவது கோட்பாட்டளவில் மின்சாரத்தில் பத்தொன்பது விழுக்காடு மிச்சம். நடைமுறை இயந்திரங்கள் இந்த எல்லைகளுக்கு வெகு கீழே வேலை செய்தாலும் விகிதம் ஏறக்குறைய இப்படித்தான் வரும். அதில் நீரைச் சுற்றவைக்கும் பம்பின் மின்சாரத்தைக் கழித்துவிடுங்கள். முகவர் சொன்ன "பாதிக்கு மேல்" எந்த வழியிலும் வரவில்லை.

இனி, எத்தனை நாளைக்கு என்பது. பதினான்கு அறைகளிலும் ஒரு டன் ஏசி, நாளுக்கு எட்டு மணி நேரம், சராசரியாக அறுபது விழுக்காடு சுமை என்றால், அறைகளிலிருந்து நாளொன்றுக்கு 235 யூனிட் வெப்பம் வெளியேற வேண்டும். கம்ப்ரசரின் மின்சாரமும் வெப்பமாகச் சேர்வதால் மண்ணுக்குள் போவது சுமார் 300 யூனிட். ஒரு டன்னுக்கு நூறு மீட்டர் வீதம் கணக்கிட்டால் 1400 மீட்டர் துளை வேண்டும். 140 மீட்டர் ஆழத்தில் பத்துத் துளைகள். ஒன்றுக்கொன்று ஆறு மீட்டர் இடைவெளி விட்டால், அவை சுற்றி வளைத்திருக்கும் பாறையின் பருமன் சுமார் 50,000 கன மீட்டர். அவ்வளவு பாறையை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 31,000 யூனிட் வெப்பம் போதும். நீங்களோ ஆண்டில் 250 நாள் ஏசி ஓட்டினாலே 75,000 யூனிட்டை அதற்குள் கொட்டுவீர்கள். வெப்பம் எங்கும் நகராமல் அங்கேயே தங்கினால் ஆண்டுக்கு இரண்டரை டிகிரி வீதம் பாறை சூடேறும்.

உண்மையில் ஒரு பகுதி பக்கவாட்டில் பரவும், ஓடும் நிலத்தடி நீர் கொஞ்சத்தைக் கொண்டுபோகும். எனவே ஏற்றம் இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் திசை ஒன்றுதான். மியூனிக் சகோதரி வீட்டில் குளிர்காலத்தில் மண்ணிலிருந்து வெப்பத்தைத் திரும்ப எடுத்துவிடுகிறார்கள். நாம் ஆண்டு முழுவதும் கொடுத்துக்கொண்டே இருப்போம், ஒருநாளும் திரும்ப வாங்க மாட்டோம். உங்களுக்கு இருந்த ஆறு டிகிரி லாபத்தை நீங்களே சில ஆண்டுகளில் தின்று தீர்த்துவிடுவீர்கள். பத்துத் துளைகளுக்குச் செலவழித்த பணமோ பாறைக்குள் கிடக்கும்.

துளைவண்டி

நான் தோவாளை வட்டத்தில் போர்வெல் போடுகிற தொழில் செய்கிறேன். பத்துத் துளை என்றால் எனக்குத்தான் வருமானம். இருந்தாலும் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நம் மாவட்டத்தில் ஒரே மண் கிடையாது. தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் மேலே செம்பொறைப் பாறை, அதற்குக் கீழே கடும்பாறை. நீங்கள் இருக்கும் தென்முனையில் சில இடங்களில் தேரி எனும் செம்மணல், கடற்கரையில் மணல், அதற்கடியில் பாறை. உலர்ந்த மணல் வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். அதே மணல் நீரில் ஊறியிருந்தால் ஐந்தாறு மடங்கு நன்றாகக் கடத்தும். ஆகவே மழைக்காலத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, பங்குனியில் நீர்மட்டம் இறங்கிய பிறகு ஏமாந்து நிற்கக் கூடாது.

எனக்கு உள்ள பெரிய கவலை உப்புநீர். குழாயை இறக்கிய பிறகு துளைக்கும் குழாய்க்கும் இடைப்பட்ட சந்து முழுவதையும் பென்டோனைட் களிமண், சிமென்ட் கலவை கொண்டு அடியிலிருந்து மேல்வரை அடைக்க வேண்டும். நம் ஊரில் குடிநீருக்குப் போடும் துளைகளில் யாரும் இப்படி அடைப்பதில்லை. அதற்கான பழக்கமும் கருவியும் பெரும்பாலான வண்டிகளில் இல்லை. அடைக்காமல் விட்டால், மேலே நல்ல தண்ணீர், கீழே உப்புத் தண்ணீர் என்று அடுக்கடுக்காக இருப்பது அந்தச் சந்து வழியே கலந்துவிடும். கடலிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் பத்துத் துளையை இப்படித் திறந்து வைத்தால், கெடுவது உங்கள் கிணறு மட்டுமன்று, பக்கத்து வீட்டார் கிணறும்தான்.

பழைய வாத்தியார், தக்கலை

இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். மண்ணின் வெப்பநிலை பற்றிப் பேசும்போது ஒரு செய்தியை நம் இளைஞர்கள் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன். சுவாதித் திருநாள் காலத்தில் 1837-இல் திருவனந்தபுரத்தில் வானாய்வு நிலையம் நிறுவப்பட்டது. அதன் பொறுப்பில் இருந்த ஜான் கால்டெகாட் 1842 முதல் 1845 வரை தரைக்குள் வெப்பமானிகளைப் புதைத்து, மண்ணின் சூட்டைத் தொடர்ந்து குறித்து வந்தார். அவர் எடுத்த அளவுகள் எடின்பரோ அரசுக் கழகத்தின் இதழில் வெளியாயின. அன்று நம் மாவட்டமும் திருவிதாங்கூரில்தான் இருந்தது. நம் மண்ணை அளந்து பார்க்கும் மரபு நமக்குப் புதிதில்லை. ஐரோப்பாவின் எண்ணைத் தாளில் அச்சிட்டுக் கொண்டுவருவோரிடம் நம் மண்ணின் எண் என்ன என்று கேட்க நமக்கு எல்லா உரிமையும் உண்டு.

இனி என் ஐயம். ஆழ்துளை வேண்டாம், மூன்று நான்கு மீட்டர் ஆழத்தில் அகலமான குழாயைக் கிடையாகப் புதைத்து, வெளிக்காற்றை அதன் வழியே இழுத்து அறைக்குள் விடும் முறை ஒன்று உண்டல்லவா? டெல்லியை அடுத்த குவால் பஹாரியில் டெரி (TERI) என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனத்தின் பயிற்சி வளாகத்தில் நான்கு மீட்டர் ஆழத்தில் அப்படி அமைத்திருக்கிறார்கள். கம்ப்ரசரே தேவைப்படாத எளிய ஏற்பாடு. அதை இங்கே செய்தால் என்ன?

நாஞ்சில் பொறியாளர்

கால்டெகாட் பற்றிய செய்திக்கு நன்றி, வாத்தியார் ஐயா. இதுவரை நான் கேள்விப்படாதது.

குழாய்க் காற்று முறை டெல்லிப் பக்கம் நன்றாக உழைப்பதற்குக் காரணம், அங்கே மே மாதக் காற்று 42 டிகிரி, வறண்டது. மண்ணோ அதைவிடப் பதினைந்து டிகிரிக்கு மேல் குளிர்ந்தது. நமக்கு இரண்டும் எதிராக இருக்கின்றன. 33 டிகிரிக் காற்றை 28 டிகிரிக் குழாய் வழியே இழுத்தால் வெளியே வருவது 29 அல்லது 30 டிகிரி. அதுவும் வெயில் நேரத்தில் மட்டும். இரவிலோ வெளிக்காற்றே 25, 26 டிகிரியில் இருக்கும்போது குழாய் அதைச் சூடாக்கித்தான் அனுப்பும்.

அதைவிடப் பெரிய இடர் ஈரம். நம்மை வாட்டுவது சூட்டைக் காட்டிலும் புழுக்கம்தான். 31 டிகிரிக் காற்றில் ஈரப்பதம் எழுபது விழுக்காடு இருந்தால், அந்த ஈரம் நீராகப் படிய 25 டிகிரி வரை குளிர வேண்டும். 28 டிகிரி மண்ணால் அது முடியாது. ஆக ஈரம் குறையாது. காற்று சற்றே குளிர்வதால் ஒப்பு ஈரப்பதம் முன்னிலும் கூடும். ஏசிதான் அந்த ஈரத்தைச் சொட்டுச் சொட்டாக வெளியே வடிக்கிறது. இருட்டும் வெதுவெதுப்பும் ஈரமும் உள்ள நீண்ட குழாயில், இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில், பூஞ்சை பிடிக்காமல் காப்பதும் எளிதன்று. அந்தக் காற்றை விருந்தினர்கள் தூங்கும் அறைக்குள் விட எனக்கு மனம் வராது.

குலசேகரம் ரப்பர்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் புகைக்கூண்டில் ரப்பர் ஷீட் உலர்த்த ஐம்பது, அறுபது டிகிரி வெப்பம் வேண்டும். குளிர்விப்பதற்கு இல்லாவிட்டாலும், சூடாக்குவதற்கு இந்த நிலவெப்பம் உதவுமா?

நாஞ்சில் பொறியாளர்

வெப்பப் பம்பு உதவும்; நிலம் தேவையில்லை. ஜெர்மனியில் வெளிக்காற்று உறைந்து கிடப்பதால்தான் மண்ணைத் துளைத்து வெப்பம் தேடுகிறார்கள். நம் காற்றே மண்ணின் வெப்பநிலையில் இருக்கிறது. காற்றிலிருந்து எடுக்கும் உலர்த்தியே உங்களுக்குப் போதும். ஒரு துளைகூட வேண்டாம்.

கொட்டாரத்து அண்ணாச்சிக்கும் இதிலிருந்துதான் வழி பிறக்கிறது. ஒருபுறம் ஏசிகள் வெப்பத்தை வெளியே கொட்டுகின்றன, மறுபுறம் கீசர்கள் மின்சாரத்தை எரித்து அதே வெப்பத்தை உண்டாக்குகின்றன. விடுதி நிறைந்த நாளில் 1400 லிட்டர் நீரை 28-லிருந்து 50 டிகிரிக்கு உயர்த்த 36 யூனிட் வேண்டும். ஒரு வெப்பப் பம்பு அதை 12 யூனிட் மின்சாரத்தில் செய்துவிடும். மீதி 24 யூனிட்டை உணவுக்கூடத்திலிருந்தோ வரவேற்பறையிலிருந்தோ உறிஞ்சி எடுக்கும்படி அமைத்தால், அந்த இடங்களுக்குக் குளிர்ச்சி செலவில்லாமல் கிடைக்கும். வெந்நீர் விடியலில், குளிர்ச்சி மாலையில் என்று நேரம் மாறுவதால் நன்றாக வெப்பக்காப்பு இட்ட தொட்டி அவசியம். தொட்டியை 60 டிகிரிக்குக் குறையாமல் வைத்துக் குழாயில் குளிர்நீர் கலந்து கொடுங்கள். இளஞ்சூட்டில் தேங்கும் நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும்.

அறைகளின் மீதி வெப்பத்தைக் காற்றில் தள்ளாமல் நீரில் தள்ள வேண்டும் என்றால், நீரைக் கொஞ்சம் ஆவியாகவிட்டு மீதியைக் குளிர வைக்கும் குளிர்விப்புக் கோபுரம் 29, 30 டிகிரி நீரைத் தரும்; மண் தருவதும் ஏறக்குறைய அதுதான். 300 யூனிட் வெப்பத்துக்கு நாளொன்றுக்கு 450 லிட்டர் நீர் ஆவியாகும். உப்புச் சேராமல் வெளியேற்றும் நீர் தனி. கோபுரத்துக்கும் கிருமித் தடுப்பு வேண்டும். பதினான்கு அறை விடுதிக்கு அந்தப் பராமரிப்பு சுமை என்றால், இன்வெர்ட்டர் ஏசிகளே நல்லவை.

துளைவண்டி

திறந்த கிணற்று நீரை எடுத்து ஓட்டி, மறு கிணற்றில் விடலாம் என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: பதினான்கு டன்னுக்கு மணிக்குப் பத்தாயிரம் லிட்டர் வேண்டும். பங்குனி, சித்திரையில் எந்தக் கிணறு அப்படி ஊறும்? அண்ணாச்சி, நீங்கள் முதலில் ஒரு நல்ல வெப்பமானியை வாங்கி அளந்து பாருங்கள். போர் மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகு எடுங்கள். குழாயில் தேங்கிய நீரை அளந்தால் தப்பாகும்.

கொட்டாரத்தான்

துளைவண்டித் தம்பி சொன்னபடி பத்து நாட்கள் அளந்து குறித்தேன். அரை மணி நேரம் ஓடிய போர் நீர் காலையிலும் மாலையிலும் 28.5 டிகிரி, ஒருநாள்கூட மாறவில்லை. திறந்த கிணறு 27.5. பொறியாளர் தம்பி வாயால் சொன்ன எண்ணை என் கிணறே சொல்லிவிட்டது.

வெப்பமானி கையில் இருந்ததால் மற்ற இடங்களிலும் வைத்துப் பார்த்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு மொட்டைமாடியில் கருநிறத் தொட்டியின் தண்ணீர் 37 டிகிரி. மேல்மாடி அறையில் ஏணி வைத்து ஏறி, கான்கிரீட் கூரையின் அடிப்பக்கத்தில் ஒட்டிப் பார்த்தால் 41. இரவு ஒன்பது மணிக்கும் அது 36-க்குக் கீழே இறங்கவில்லை. கீழ்மாடி அறைகளின் கூரை 31 டிகிரிதான். மேலே உள்ள ஏழு அறைகளில் தங்குகிறவர்கள்தான் ஏசி போதவில்லை என்று எப்போதும் குறை சொல்வார்கள். காரணம் இயந்திரத்தில் இருக்கிறது என்று நினைத்து இரண்டு ஆண்டுகளாக வாயு நிரப்பிக்கொண்டே இருந்தேன்.

பழைய வாத்தியார், தக்கலை

பத்மநாபபுரம் அரண்மனைக்குள் சித்திரை வெயிலிலும் நிழல் தங்குவதற்குச் சரிந்து இறங்கிய ஓட்டுக்கூரையும், அதற்கடியில் மர மச்சும், இரண்டுக்கும் நடுவே காற்று உலவும் வெளியும் காரணம் என்று மாணவர்களை அழைத்துச் சென்ற ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறேன். உங்கள் கான்கிரீட் தளத்துக்கும் அதே போல் ஒரு மேல்நிழல் கொடுக்கலாம்.

கொட்டாரத்தான்

அப்படியே முடிவு செய்திருக்கிறேன், ஐயா. முகவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மழைக்கு முன்னால் மொட்டைமாடி முழுவதும் வெள்ளை ஓடு பதித்து, மேற்குப் பாதிக்கு மேல் ஓட்டுக்கூரை போட ஆள் பேசியாகிவிட்டது. அடுத்ததாக 1500 லிட்டர் வெந்நீர்த் தொட்டியும் வெப்பப் பம்பும். உணவுக்கூடத்தின் காற்றை அதற்கு எப்படிக் கொண்டுபோவது என்று பொறியாளர் தம்பி ஒருநாள் நேரில் வந்து பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும். கூரை வேலை முடிந்ததும் அதே ஏணி, அதே இடம், அதே மூன்று மணிக்கு அளந்து இங்கே எழுதுகிறேன்.

நாஞ்சில் பொறியாளர்

ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன், அண்ணாச்சி. அதற்குள் உணவுக்கூடத்தின் நீளம், அகலம், உயரமும், சமையலறைச் சுவர் எந்தப் பக்கம் வருகிறது என்பதும் குறித்து வையுங்கள். சமையலறைச் சூட்டையும் அந்தப் பம்பு எடுத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று சேர்த்தே பார்த்துவிடுவோம்.